கழற்றிய சாமானை விற்காதீர்கள்: ஒரு பழைய ரோட்ஸ்டரோடு நான் பட்ட பாடு

2018 ஓகஸ்டில் நுகேகொடைப் பக்கம் ஒருவரிடம் 1990ஆம் ஆண்டு யூனோஸ் ரோட்ஸ்டர் ஒன்றை 21 லட்சம் ரூபாய்க்கு வாங்கினேன். வெளிநாடுகளில் மஸ்டா எம்எக்ஸ்-5 என்று ஓடும் கார்தான், ஜப்பானில் யூனோஸ் என்ற பெயரில் விற்றார்கள். 1.6 லீற்றர் எஞ்சின், 120 குதிரைவலு, ஒரு தொன்னுக்கும் குறைந்த எடை, இரண்டே இருக்கை, பொத்தானை அழுத்தினால் கண் திறப்பதுபோல் எழும்பும் முன்விளக்குகள். பாடசாலைக் காலத்தில் பம்பலப்பிட்டிச் சந்தியில் ஒரு சிவப்பு ரோட்ஸ்டர் நின்றதைப் பார்த்து பஸ்ஸைத் தவறவிட்டவன் நான். பதினாறு வருடம் கழித்து அதே நிறத்தில் ஒன்று என் வெள்ளவத்தை வீட்டு வாசலில் வந்து நின்றபோது அன்றிரவு தூக்கமே வரவில்லை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், இந்த மாதிரிக் காரை யாரும் கணக்குப் பார்த்து வாங்குவதில்லை. ஆசையில்தான் வாங்குகிறோம். அந்த ஆசைதான் அடுத்த ஒரு வருடத்தில் என்னைப் பிழையான பக்கம் இழுத்துக்கொண்டு போனது.

வாங்கும்போது கார் முழுக்க முழுக்கத் தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருந்தது. ஏழு கால் வைத்த சின்ன 14 அங்குல அலாய் ரிம், மோமோ ஸ்டியரிங், பழைய சைலன்சர், காற்று வடிகட்டிக்கான கறுப்புப் பெட்டி, எல்லாமே. வயதும் தெரிந்தது. ஷொக் அப்சோபர் தளர்ந்திருந்தது, பெயின்ட் சில இடங்களில் வெளிறி இளஞ்சிவப்பாகியிருந்தது, மூன்றாவது கியர் போட்டு மேடு ஏறும்போது மூச்சு வாங்கியது. அது பழுது என்று எனக்கு விளங்கவில்லை. காரின் சக்தியே அவ்வளவுதான், கூட்ட வேண்டும் என்று நினைத்தேன். முப்பது வயது ரப்பரும், சக்கரத்தைத் தாங்கும் மூட்டுகளில் தேய்ந்துபோன ரப்பர் புஷ்ஷும் செய்த வேலையை, ஜப்பான்காரன் குறைவாகச் செய்துவிட்டான் என்று எடுத்துக்கொண்டேன். என் தவறின் வேர் இதுதான். பின்னால் வந்தவை எல்லாம் அதன் கிளைகள்.

கொட்டாஞ்சேனையில் ஒரு வயதான மெக்கானிக் பாஸ் இருக்கிறார். அப்பாவின் பழைய கொரோலாவைப் பார்த்தவர். முதலில் அவரிடம்தான் கொண்டுபோனேன். காரைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "தம்பி, ஷொக் மாத்துறது பிறகு. முதல்ல இந்த ரப்பர் எல்லாம் பாருங்க, பிஸ்கட் மாதிரி உதிருது. ரேடியேட்டரும் சரியில்ல. ஆறு மாசம் இதுகளைச் செய்வோம், அப்புறம் உங்களுக்கு ஆசைப்பட்டதைச் செய்யலாம்" என்றார். ஆறு மாதம் என்றதும் எனக்கு மனம் விட்டுப்போனது. ரப்பர் மாற்றினால் யாருக்குத் தெரியும்? வெளியே ஒன்றும் மாறாதே. தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். அன்று அவர் கேட்ட வேலைக்கு அப்போதைய விலையில் ஒரு லட்சத்து முப்பதாயிரத்துக்குள் முடிந்திருக்கும்.

அதற்குப் பதிலாக, மொடிஃபை வேலைக்கென்றே பெயர்பெற்ற இன்னொரு கராஜுக்குப் போனேன். பெயர் வேண்டாம். ஷொக்கும் ஸ்பிரிங்கும் ஒன்றாகச் சேர்ந்து, காரின் உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் மலிவு கொயில் ஓவர் 1,65,000. 16 அங்குல ரிம்மும் டயரும் 2,10,000. எஞ்சினிலிருந்து புகையை வெளியே எடுக்கும் ஹெடர் குழாயும் பெரிய வாய் சைலன்சரும் 1,20,000. கூம்பு வடிவ வடிகட்டி 12,000. புது ஸ்டியரிங் 28,000. ரிம் உரசாமல் இருக்க மட்காட் விளிம்பை உள்ளே மடித்து, அங்கங்கே பெயின்ட் தொட்டதற்கு 90,000. மொத்தம் ஆறே கால் லட்சம், எட்டு மாதத்துக்குள். கழற்றியவை? ரிம் 30,000க்கும், ஷொக்கும் ஸ்பிரிங்கும் 15,000க்கும், மோமோ ஸ்டியரிங் 12,000க்கும், பழைய சைலன்சரும் அதோடிருந்த, புகையின் நச்சைக் குறைக்கும் கெட்டலிட்டிக் கன்வேர்ட்டரும் 18,000க்கும் போனது. காற்று வடிகட்டிப் பெட்டியை யாரும் கேட்கவில்லை. கராஜின் பின்சுவரோரம் போட்டுவிட்டு வந்தேன். இந்த வரியை எழுதும்போது இப்போதும் வயிற்றில் ஏதோ செய்கிறது.

முதல் இரண்டு மாதம் மகிழ்ச்சிதான், மறைக்கவில்லை. மெரைன் டிரைவில் இரவு பத்து மணிக்குப் பிறகு கூரையைத் திறந்துவிட்டு, கடற்காற்றும் சைலன்சர் சத்தமும் ஒன்றாகக் காதில் விழ ஓடியது ஒரு தனி உலகம். ஆனால் கொழும்பில் ஒரு கார் இரவு பத்து மணிக்கு மட்டும் ஓடுவதில்லை. வெள்ளவத்தை ஒழுங்கைகளில் வேகத்தடையைத் தாண்டும்போதெல்லாம் சைலன்சர் தரையில் இழுபட்டது. மழையில் குழி எது, தண்ணீர் எது என்று தெரியாது. ஒரு மாதத்தில் ஒரு ரிம் வளைந்தது. தாழ்த்திய காரின் முழு அதிர்ச்சியும், பாஸ் உதிருகிறது என்று காட்டிய அதே பழைய புஷ்களில்தான் போய் விழுந்தது. அலைன்மென்ட் செய்து இரண்டாவது கிழமையே ஸ்டியரிங் மறுபடி ஒரு பக்கம் இழுக்கும். புது டயர் உள்பக்கமாகத் தேய்ந்து ஒன்பதாயிரம் கிலோமீற்றரில் கம்பி தெரிந்தது.

அப்புறம் அந்தக் கூம்பு வடிகட்டி. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லோரும் முதலில் வாங்கும் மலிவான சாமான் இதுதான். இந்தக் காரில் காற்றை அளக்க, உள்ளே ஒரு கதவு மாதிரித் தகடு ஆடும் பழைய வகை மீற்றர் இருக்கிறது. தொழிற்சாலைப் பெட்டி வெளியிலிருந்து வரும் ஓரளவு குளிர்ந்த காற்றை அதற்குக் கொடுக்கும். பெட்டியை எடுத்துவிட்டுக் கூம்பைத் திறந்தபடி மாட்டினால், ஹெடரின் சூட்டில் வெந்த எஞ்சின் அறைக் காற்றைத்தான் அது உறிஞ்சும். பகல் ஒரு மணிக்குக் காலி வீதியில் கொள்ளுப்பிட்டி நெரிசலில் அரை மணித்தியாலம் நின்றுவிட்டு மிதித்துப் பாருங்கள். சத்தம் பெரிதாக வரும், கார் நகராது. இது போதாதென்று, சக்தி கூடும் என்று சொல்லி, பிளக்கில் பொறி விழும் நேரமான இக்னிஷன் டைமிங்கையும் பத்து பாகையிலிருந்து முன்னே தள்ளிவிட்டிருந்தார்கள். நான் அடிப்பதோ ஒக்டேன் குறைந்த 92 பெற்றோல். சூட்டில் மேடு ஏறும்போது தகர டப்பாவில் கூழாங்கல் உருட்டுவதுபோல் ஒரு சத்தம் வரும். அது எஞ்சின் தன்னைத்தானே அடித்துக்கொள்ளும் சத்தம் என்று எனக்கு அப்போது தெரியாது. சைலன்சரின் சத்தத்தில் பாதி நேரம் அது கேட்கவும் இல்லை. சத்தம் கூடிய காரில், காது கொடுத்துக் கேட்கவேண்டிய மற்றச் சத்தங்கள் மறைந்துவிடுகின்றன. பழைய காருக்கு இது பெரிய ஆபத்து.

வருடாந்த வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கப் புகைப் பரிசோதனைக்குப் போனபோது காபன் மொனொக்சைட்டு அளவில் கார் தோற்றது. கெட்டலிட்டிக்கை நான்தான் விற்றுவிட்டேனே. டியூன் செய்து, மறுபடி போய், மறுபடி தோற்று, மூன்றாவது தடவை எப்படியோ தேறியது. இரண்டு நாள் லீவு போனது. சத்தத்துக்காகப் பொலிஸ் இரண்டு முறை மறித்தது. பம்பலப்பிட்டியில் ஒரு முச்சக்கரவண்டி பின்பக்கச் சக்கரத்தில் இடித்தபோது, ரிம்மும் கொயில் ஓவரும் காப்புறுதிக்கு அறிவிக்காத மாற்றங்கள் என்று சொல்லி அந்தப் பகுதிக்குப் பணம் தரவில்லை. சண்டை பிடித்துப் பார்த்தேன். எழுத்தில் நான் ஒன்றும் கொடுத்திருக்கவில்லை, என்ன சொல்ல முடியும்? எந்த மாற்றம் செய்தாலும் பற்றுச்சீட்டின் பிரதியோடு காப்புறுதிக்கு ஒரு கடிதம் எழுதி, அவர்கள் ஏற்றுக்கொண்டதாகப் பதில் வாங்கி வையுங்கள். எஞ்சினையோ நிறத்தையோ மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவுப் புத்தகத்திலும் மாற்ற வேண்டும். விற்கும் நாளில்தான் அதன் அருமை தெரியும்.

பெரிய அடி 2021இல் விழுந்தது. கார் மெதுமெதுவாகச் சக்தி இழந்துகொண்டே வந்தது. அந்த கராஜில் ஃபியூவல் பம்ப் என்றார்கள், மாற்றினேன். பிளக் வயர் என்றார்கள், மாற்றினேன். 70,000 போனது, கார் அப்படியே இருந்தது. வெட்கத்தை விழுங்கிக்கொண்டு மறுபடி கொட்டாஞ்சேனைக்குப் போனேன். பாஸ் பழையதை எடுத்துப் பேசவே இல்லை. பொனட்டைத் திறந்து, எஞ்சினை ஓடவிட்டு, என்னைக் கூப்பிட்டு, எஞ்சினின் சுழல் தண்டான கிராங்கின் முனையில் இருக்கும் புல்லியைக் காட்டினார். விழப்போகும் பம்பரம் எப்படித் தலையாட்டுமோ அப்படி ஆடிக்கொண்டிருந்தது. "எத்தனை நாளா இப்படி?" என்றார். மூன்று வருடத்தில் நான் அந்தப் பக்கம் ஒருநாளும் குனிந்து பார்த்ததில்லை.

கழற்றிப் பார்த்தபோது விளங்கியது. 1989இல் ஆரம்பித்து 1991 முற்பகுதி வரை வந்த ரோட்ஸ்டர்களில் கிராங்கின் முன்மூக்கு சிறியது. டைமிங் பெல்ட் மாற்றும்போது அந்த மூக்கின் நடுவில் இருக்கும் பெரிய போல்ட்டைச் சரியான அளவுக்கு முறுக்காவிட்டால், பற்சக்கரத்தைப் பிடித்துவைக்கும் சிறிய கீ உட்காரும் பள்ளம் நாளடைவில் அகன்றுபோகும். பற்சக்கரம் கொஞ்சம் கொஞ்சமாக நழுவும், டைமிங் பின்தங்கும், கார் சோரும். இது உலகறிந்த குறை. புல்லியின் நடுவில் இருக்கும் பிளவுகளை எண்ணிப் பார்த்தாலே எந்த வகை என்று தெரியும். நான்கு என்றால் சிறிய மூக்கு, எட்டு என்றால் பிந்திய பெரிய மூக்கு. என்னுடையது நான்கு. மொடிஃபை வேலையோடு வேலையாகப் பெல்ட்டையும் மாற்றித் தந்தவர்கள், பழைய போல்ட்டையே காற்றுத் துப்பாக்கியால் இறுக்கிவிட்டிருக்கிறார்கள். இந்த எஞ்சினில் பெல்ட் அறுந்தாலும் வால்வும் பிஸ்டனும் மோதாது என்பதால் தலை தப்பியது. ஆனால் கிராங்க் போனதுதான். பழைய கார் வாங்குகிறவர்கள் அதன் பெயரோடு இந்த மாதிரிப் பிறவிக் குறைகளையும் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும். எண்ணுவதற்கு ஒரு டோர்ச் லைட்டும் ஒரு நிமிடமும் போதும்.

கிராங்க் தேடி பஞ்சிகாவத்தையில் நான் ஏறி இறங்காத கடை இல்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றதோடு ரிகண்டிஷன் சாமான் வரத்தும் மெலிந்துவிட்டது. ஜப்பானிலிருந்து எடுப்பிக்கலாம் என்று காசு சேர்த்துக்கொண்டிருக்கையில் 2022 பிறந்தது. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய்க்கு அருகில் நின்ற டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. நான் சேர்த்த காசு வங்கியில் அப்படியேதான் இருந்தது, அதற்கு வரவேண்டிய சாமான் பாதியாகிவிட்டது. அந்த வருடம் ஜூலையில் கியூஆர் முறை வந்து காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் பெற்றோல் என்றானபோது, ஓடாத ஸ்போர்ட்ஸ் காரைப் பற்றி வீட்டில் வாய் திறக்கவே கூச்சமாக இருந்தது. அம்மாவின் மருந்துக்கே கடை கடையாக அலைந்த நாட்கள் அவை. கார் ஒழுங்கையில் மாமரத்துக்குக் கீழே துணியைப் போர்த்திக்கொண்டு பதினான்கு மாதம் நின்றது.

அந்த மாமரம் தனியாக ஒரு பாடம். ரோட்ஸ்டரின் துணிக்கூரையில் விழும் மழைத்தண்ணீர், இருக்கைக்குப் பின்னால் இரண்டு மூலையிலும் இருக்கும் துவாரங்கள் வழியாகக் கீழே இறங்கிப் போகும்படி செய்திருக்கிறார்கள். அந்தத் துவாரத்தில் சருகு அடைத்தால் தண்ணீர் கதவுக்குக் கீழே ஓடும் சில் பகுதிக்குள் தேங்கும். 2023 தொடக்கத்தில் போர்வையை எடுத்தபோது வெளியே கார் அழகாகத்தான் இருந்தது. பாஸ் வளைந்துகொடுக்கும் ஒரு மெல்லிய குழாயை அந்தத் துவாரத்துக்குள் விட்டுக் குடைந்தார். முதலில் ஒன்றும் வரவில்லை. பிறகு மாம்பூவும் சருகும் சேர்ந்து ஊறிய கறுத்த சேறு பொத்தென்று விழுந்தது. அதன் பின்னால் தேயிலைச் சாயம் போல் தண்ணீர், ஒரு நிமிடத்துக்கு மேல் நிற்காமல் வந்தது. டிங்கர் வேலை செய்பவர் பின்சக்கரத்துக்கு முன்னால் சில்லின் அடியில் ஸ்க்ரூ டிரைவரை வைத்து அழுத்தினார். தகரம் தடுக்கவில்லை, பப்படம் மாதிரி நொறுங்கி உள்ளே போனது. மட்காட் விளிம்பை மடித்த இடத்திலும் பெயின்ட் வெடித்து, கடலுப்பு ஏறித் துரு பிடித்திருந்தது. வெள்ளவத்தையில், கடலிலிருந்து இருநூறு மீற்றருக்குள் இருந்துகொண்டு, தொழிற்சாலைப் பெயின்டை வெடிக்கவைக்கும் வேலையை நானே காசு கொடுத்துச் செய்வித்திருக்கிறேன். அன்று கராஜில் ஒரு வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்துகொண்டு அழுதேன். பாஸ் பிளேன்டீ கொண்டுவந்து தந்தார்.

அன்றுதான் காரைப் பழைய நிலைக்கே கொண்டுபோவது என்று முடிவெடுத்தேன். ஒரிஜினல்தான் உயர்ந்தது என்ற கொள்கையால் அல்ல. எது பழுது, எது மாற்றத்தின் விளைவு என்று பிரித்தறிய வேறு வழி இருக்கவில்லை. தொழிற்சாலை நிலைக்கு ஒரு அளவுகோல் இருக்கிறது, கையேட்டில் ஒவ்வொரு போல்ட்டுக்கும் எண் இருக்கிறது. என் காரில் இருந்தது நான்கு கராஜ்களின் யோசனை. இந்தக் காருக்கு ஒரு நல்ல காலமும் இருந்தது. முதல் தலைமுறை மட்டும் 4 லட்சத்துக்கு மேல் தயாரித்திருக்கிறார்கள், ஆகவே சாமான் உலகில் இருக்கிறது. 2017இல் மஸ்டாவே ஜப்பானில் இந்தக் காரைப் பழைய நிலைக்குத் திருத்திக் கொடுக்கும் சேவையை அறிவித்து, நின்றுபோன சில பாகங்களை மறுபடி தயாரிக்கத் தொடங்கியது. 14 அங்குலத்துக்கான பழைய டிசைன் டயர்கூட அதில் அடக்கம். உங்கள் கார் எது என்பதைப் பொறுத்து இந்த இடத்தில் விடை மாறலாம். சாமான் கிடைக்காத காரை வைத்துக்கொண்டு ஒரிஜினல் ஒரிஜினல் என்று பிடிவாதம் பிடிப்பதும் துன்பம்தான்.

கணக்கு இது. நல்ல ஷொக்கும் ஸ்பிரிங்கும் 1,95,000. நான் 30,000க்கு விற்ற அதே ரக ரிம் நான்கு 1,60,000. சைலன்சரும் கெட்டலிட்டிக்கும் 1,10,000. ஸ்டியரிங் 45,000. அதாவது கையில் இருந்ததைத் திருப்பி வாங்க மட்டும் 5,10,000. மாற்றத்துக்குப் போட்ட 6,25,000ஐச் சேர்த்து, பழையதை விற்ற 75,000ஐயும் கழற்றிய புதுச் சாமானை விற்ற 2,10,000ஐயும் கழித்தால், எட்டரை லட்சம் ரூபாய்க்கு எனக்கு மிஞ்சியது தொடங்கிய இடம். கிராங்க், சில், பெயின்ட், ரேடியேட்டர், ரப்பர் எல்லாம் இதற்கு வெளியே. அவற்றில் பாதி எப்படியும் செய்யவேண்டியவை, அதை நட்டத்தில் சேர்க்கவில்லை.

மாற்றவே கூடாது என்று நான் சொல்லவில்லை. கட்டுகுருந்த ஓடுபாதையில் பந்தயம் ஓட்டுவதற்கென்றே ஒரு காரை ஒதுக்கி, அடிச்சட்டத்திலிருந்து கட்டிக்கொண்டு வருகிறவர்களை நான் மதிக்கிறேன். என் காரிலேயே இப்போது மூன்று மாற்றங்கள் இருக்கின்றன: தடித்த அலுமினிய ரேடியேட்டர், நல்ல பிரேக் பேட், இரும்பு வலை போர்த்த பிரேக் குழாய். கொழும்புச் சூட்டுக்கும் நெரிசலுக்கும் இவை தேவை. பழைய ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தலை பழுப்பாகிவிட்டால், வெடிக்க நாள் பார்க்கிறது என்று அர்த்தம். மூன்றையும் ஒரு சனிக்கிழமையில் கழற்றிப் பழையதை மாட்டலாம், எங்கும் தகரத்தை வெட்டவோ மடிக்கவோ இல்லை. நான் இன்று யாருக்காவது வழி சொன்னால் இந்தக் கோட்டைத்தான் காட்டுவேன்: திரும்பி வர முடிந்த மாற்றம், திரும்பி வர முடியாத மாற்றம். முதலாவது வருடம் ரப்பர், குழாய், பெல்ட், பிரேக், டயர் தவிர வேறெதற்கும் காசு எடுக்காதீர்கள். என் காரில் புஷ் எல்லாம் புதிதாகி, தொழிற்சாலை உயரத்துக்கு வந்து, 185/60 டயரில் முதல் தடவை ஓட்டியபோது, 2018இல் நான் தேடிய சுகம் அதுதான் என்று தெரிந்தது. மாற்றத் தொடங்கினாலும் ஒரு தடவைக்கு ஒன்றைச் செய்து இரண்டு மாதம் ஓட்டிப் பாருங்கள். ஐந்தை ஒரே நேரத்தில் செய்தால் எது கெடுத்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

கழற்றிய சாமானைக் கழுவி, எண்ணெய் தடவி, பெயர் எழுதி வீட்டிலேயே வையுங்கள். இடமில்லை என்று மனைவி சொல்வது நியாயம்தான், எங்களுடையதும் இரண்டு அறை வீடு. எங்கள் கட்டிலுக்கு அடியில் இப்போது பழைய ரேடியேட்டரும் பிரேக் குழாயும் பழைய சாரத்தில் சுற்றிக் கிடக்கின்றன. முதல் நாள் அவள் முகம் சுளித்தாள். எட்டரை லட்சக் கணக்கை எழுதிக் காட்டிய பிறகு, இன்னொரு பெட்டிக்கும் அவளே இடம் ஒதுக்கித் தந்தாள்.

அந்தப் பெட்டி காற்று வடிகட்டிப் பெட்டிக்காக. இரண்டு வருடம் தேடி, போன மாதம் பஞ்சிகாவத்தையில் ஒரு கடையின் மேல்மாடியில், வேறேதோ எஞ்சினுக்குக் கீழே நசுங்கிக் கிடந்த ஒன்று கிடைத்தது. 22,000 கேட்டார், பேரம் பேசாமல் கொடுத்தேன். மூடியைப் பிடிக்கும் கிளிப்பில் ஒன்று இல்லை. இப்போதைக்குக் கம்பி கட்டி ஓட்டுகிறேன். சனிக்கிழமைகளில் இன்னும் அந்தப் பக்கம் போகிறேன்.